எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

கேள்வி: சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முழுநேர ஆய்வு, மொத்தம் நான்கு ஆண்டு. உணவு டெலிவரி செயலிகளில் வேலை செய்பவர்களைப் பற்றி ஆராய விரும்புகிறேன். தலைப்பு: ‘செயலி வழி வேலையும் தொழிலாளர் வாழ்வும் – ஒரு சமூகவியல் ஆய்வு’. ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு கைபேசி என்று தனித்தனியாக ஓடுவதால் இவர்கள் ஒன்றுசேர்வதே இல்லை. அதற்கான காரணங்களைக் கண்டறிவது என் நோக்கம். 96 கேள்விகள் கொண்ட வினாப்படிவம் தயாராக இருக்கிறது. 500 பேரிடம் சர்வே, 50 நேர்காணல், 5 குழு உரையாடல் என்று திட்டமிட்டேன். நெறியாளர் படித்துவிட்டு, “சுருக்கிக்கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார். 300, 30 என்று குறைத்துக் கொடுத்தேன்; அதற்கும் அதே பதில். எதைச் சுருக்குவது? எத்தனை பேர் போதும்? எந்தக் கோட்பாட்டை வைத்துக்கொள்வது? பகுப்பாய்வு மென்பொருள் எதையாவது இப்போதே கற்க வேண்டுமா?

பதில்: நெறியாளர் சுருக்கச் சொன்னது ஆட்களின் எண்ணிக்கையை இல்லை என்றே தோன்றுகிறது. ‘தொழிலாளர் வாழ்வு’ என்ற சொல்லுக்குள் வருமானம், விபத்து, கடன், குடும்பம், உடல்நலம், சங்கம், வாடிக்கையாளர் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீடு எல்லாம் அடங்கும். 500 பேரை 300 ஆக்கினாலும் அத்தனையும் உள்ளேயேதான் இருக்கும். குறைய வேண்டியது, நீங்கள் பதில் சொல்வதாக ஒப்புக்கொள்ளும் விஷயங்கள். அதற்கு முதல் வேலையாக, எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அது எங்கும் இல்லை. யாரிடம் பேசுவது, எத்தனை பேரிடம், என்ன கேட்பது, எந்தக் கோட்பாடு உதவும் என்பதெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்துதான் வரும். அது இல்லாதபோது எந்த எண்ணிக்கையும் சரியாகவே தோன்றும். எந்த எண்ணிக்கைக்கும் காரணம் சொல்லவும் முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் விளக்கப் போவதாகச் சொல்லும் நிகழ்வு உண்மையில் நடக்கிறதா? அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1987-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் முதல் படியாக வைக்கிறார்: ஒன்று ஏன் நடக்கிறது என்று விளக்கக் கிளம்புமுன், அது நடக்கிறது என்பதை நிறுவிக்கொள்ள வேண்டும். ‘இவர்கள் ஒன்றுசேர்வதே இல்லை’ என்கிறீர்கள். 2016 ஆகஸ்டில் லண்டனில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனம் மணிக்கூலியை விட்டுவிட்டு ஆர்டர் கணக்கில் கூலி தர முயன்றபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் டூரின் நகரில் ஃபூடோரா என்ற இன்னொரு உணவு டெலிவரி நிறுவனத்தின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆளுக்கொரு வண்டியும் ஆளுக்கொரு கைபேசியும் அங்கேயும் இருந்தன. ஆகவே உங்கள் முன்முடிவு பாதி தவறு. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை; அந்தப் பாதியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. ஒரே வகை வேலை, சில இடங்களில் ஆட்கள் சேர்கிறார்கள், சில இடங்களில் சேர்வதில்லை. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இப்படிக் கேட்டதுமே ஒப்பீடு வந்துவிட்டது.

வேலைநிறுத்தம் எப்போதாவது நடப்பது. அதை நம்பி நான்காண்டுத் திட்டம் போட முடியாது. அதற்கு அடியில் தினமும் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டி பழுதானால் யார் வருகிறார்கள், செயலியில் தங்கள் கணக்கு முடக்கப்பட்டால் யாரிடம் கேட்கிறார்கள், எந்த உணவகம் காக்க வைக்கும் என்ற தகவல் எப்படிப் பரவுகிறது. இதை நேரில் பார்க்கலாம், கேட்கலாம், எண்ணவும் செய்யலாம். ஒப்பிட வழிகள் பல. ஒரே நகரில், டெலிவரி ஆட்கள் ஆர்டருக்காகக் கூடிக் காத்திருக்கும் இடம் உள்ள பகுதி ஒன்று, அப்படி இடமே இல்லாத பகுதி ஒன்று. அல்லது கூலிக் கணக்கு வேறுபடும் இரண்டு செயலிகள். அல்லது முழுநேரம் ஓடுபவர்களும் மாலையில் மட்டும் ஓடுபவர்களும். இவற்றில் ஒன்றை முதன்மையாகவும், தேவைப்பட்டால் இன்னொன்றைத் துணையாகவும் எடுங்கள். மூன்றையும் எடுத்தால் பழைய தலைப்புக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

நான் முதலாவதைத் தேர்வேன். கேள்வியை இப்படி எழுதலாம்: ‘ஒரே நகரில் ஒரே செயலியில் வேலை செய்யும் டெலிவரி தொழிலாளர்களிடையே, காத்திருக்கும் பொது இடம் உள்ள பகுதிகளில் பரஸ்பர உதவி எவ்வாறு உருவாகிறது? அத்தகைய இடம் இல்லாத பகுதிகளில் அதன் இடத்தை எது நிரப்புகிறது, அல்லது நிரப்பாமல் விடுகிறது?’ நீளமாக இருக்கிறது, பரவாயில்லை; அழகான தலைப்பை நான்காம் ஆண்டில் வைத்துக்கொள்ளலாம். இக்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான பதில்கள் இருக்கின்றன என்பதே இதன் பலம். இடம்தான் உறவை உண்டாக்குகிறது என்று முடியலாம். இடம் ஒரு பொருட்டே இல்லை, வாட்ஸ்அப் குழுவே போதும் என்றும் முடியலாம். ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தான் அங்கே கூடுகிறார்கள், இடம் வெறும் விளைவு என்றும் முடியலாம். பதில் என்னவாக இருக்கும் என்று இன்றே தெரிந்துவிடுகிற கேள்விக்குக் கள ஆய்வு தேவையில்லை.

அந்த மூன்றாவது பதிலைத்தான் நீங்கள் மிகவும் அஞ்ச வேண்டும். கலகலப்பானவர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார்கள், ஒதுங்குபவர்கள் போவதில்லை என்றால், நீங்கள் ‘இடத்தின் விளைவு’ என்று எழுதுவது உண்மையில் ஆட்களின் குணமாக இருக்கலாம். தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் முதலில் கை வைப்பது இங்கேதான். எனவே போட்டி விளக்கங்களைத் திட்டவரைவிலேயே பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றையும் எந்தச் சான்றால் சோதிப்பீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். உதாரணமாக, செயலி ஒதுக்கிய பகுதி என்பதால் மட்டுமே அங்கு வந்தவர்கள் இருப்பார்கள். பகுதி மாறியவர்களும் இருப்பார்கள். பகுதி மாறியவர்கள் ஏழெட்டுப் பேரிடம் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் யாரிடம் உதவி கேட்டார்கள் என்று விசாரித்தால், குணமா இடமா என்பதைப் பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலின் முதல் பகுதி முழுவதும் இந்த வேலைதான்: மனநோய், தட்பவெப்பம், பார்த்துச் செய்தல் என்று பிறர் சொல்லக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசி ஒதுக்கிய பிறகே சமூகக் காரணத்துக்கு வருகிறார்.

ஒப்பிடும் அலகு எது என்பதிலும் உறுதி வேண்டும். பகுதிகளை ஒப்பிட்டால் பகுதிகளைப் பற்றித்தான் பேசலாம்; அங்கிருந்து தனியாளுக்குத் தாவக் கூடாது. சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் இதை மறக்க முடியாதபடி காட்டினார். அமெரிக்க மாநிலங்களை அலகாக எடுத்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. ஆனால் தனியாட்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறியாமை சற்று அதிகம். குடியேறிகள் ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதுதான் காரணம். உங்கள் ஆய்வில் இரண்டே பகுதிகள் இருக்கும்போது, ‘பகுதி அ-வில் உதவி அதிகம்’ என்பதிலிருந்து ‘அங்கே காத்திருக்கும் ஒவ்வொருவரும் அதிகம் உதவுகிறார்’ என்று எழுதிவிடுவது மிக எளிது.

இனி எண்ணிக்கை. 500 என்பது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அநேகமாக 384 என்ற எண்ணை எங்கோ பார்த்து, பாதுகாப்புக்குக் கூட்டியிருப்பீர்கள். 95 விழுக்காடு நம்பிக்கை, கூட்டியும் குறைத்தும் 5 புள்ளி பிழை என்று சூத்திரத்தில் போட்டால் 384 வரும். ஆனால் அந்தச் சூத்திரம், மொத்த ஆட்களின் முழுப் பட்டியல் உங்கள் கையில் இருப்பதாகவும், அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுப்பதாகவும் எடுத்துக்கொள்கிறது. செயலி நிறுவனங்கள் அந்தப் பட்டியலைத் தரப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி 500 பேர் நிரப்பினால், அது நிரப்ப விரும்பிய 500 பேரைப் பற்றிய தகவல்; பிழை வரம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பட்டியலே கிடைத்தாலும் சிக்கல் தீராது. ஒரு இடத்துக்கு 20 பேர் வீதம் 25 இடங்களில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒரே மாதிரி பதில் சொல்லும் போக்கு உண்டு. அந்த ஒற்றுமையின் அளவு (1 என்றால் முழு ஒற்றுமை) வெறும் 0.05 என்றாலும், 1 + (20 – 1) × 0.05 என்று கணக்கிட்டால் 1.95 வரும். 500-ஐ அதால் வகுத்தால், உங்கள் 500 பேர் ஏறக்குறைய 256 பேருக்குத்தான் சமம். அதில் பெண்கள் 40 பேர் என்றால், அந்த 40 பேரை மட்டும் வைத்துச் சொல்லும், பாதியை ஒட்டிய எந்த விழுக்காட்டுக்கும் பிழை இருபுறமும் 15 புள்ளிக்கு மேல். ‘பெண்களில் 60 விழுக்காட்டினர்’ என்று அட்டவணை போட்டால், உண்மை 45-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம்.

சர்வேயைக் கைவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. உங்கள் கேள்வி ‘எத்தனை பேர்’ என்று கேட்கவில்லை, ‘எவ்வாறு’ என்று கேட்கிறது. 96 கேள்வி வினாப்படிவத்தில் உழைப்பு போயிருக்கிறது, மனம் வராது. இருந்தாலும் கட்டிப் பரணில் போடுங்கள். அதிலுள்ள பின்னணிக் கேள்விகள் பத்தைப் பன்னிரண்டை மட்டும் எடுத்து நேர்காணலின் முடிவில் ஒரு பக்கத் தாளாக வைத்துக்கொள்ளலாம். குழு உரையாடல்களும் வேண்டாம். ‘நாங்கள் ஒருவருக்கொருவர் உதவுவோம்’ என்று பிறர் முன்னிலையில் எல்லோரும் சொல்வார்கள். அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

நேர்காணலுக்கு எத்தனை பேர்? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையைக் காட்டி ‘12 போதும்’ என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைப் பகுத்துப் பார்த்து, பெரும்பாலான கருத்துக் குறியீடுகள் (பேச்சில் வரும் கருத்துகளுக்கு ஆய்வாளர் இடும் பெயர்கள்) முதல் 12-க்குள்ளேயே வந்துவிட்டன என்று கண்டார்கள். ஓரளவு ஒரேவகையான ஆட்கள், குறுகிய நோக்கம், எல்லோரிடமும் ஒரே மாதிரியான கேள்விகள் என்ற நிபந்தனைகளோடு வந்த எண் அது. ஒப்பிடும் ஆய்வில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் முழுநேரம், பகுதிநேரம் என்றால் நான்கு கட்டங்கள்; கட்டத்துக்கு 9 பேர் என்றால் 36. இதனுடன் வேலையை விட்டுப் போனவர்கள் 8 பேரைச் சேருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆட்கள் வேகமாக வந்துபோகும் தொழில் இது. களத்தில் நீங்கள் சந்திப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. உதவி கிடைக்காததால் ஒருவர் மூன்றாம் வாரமே விலகியிருந்தால், அவர் உங்கள் தரவில் இருக்கவே மாட்டார். எஞ்சியவர்களைப் பார்த்து ‘இங்கே எல்லோருக்கும் உதவி கிடைக்கிறது’ என்று எழுதிவிடுவீர்கள். மொத்தம் 44.

ஆட்களைக் கண்டுபிடிக்கும் வழியில் உங்கள் ஆய்வுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. பெரும்பாலோர் பனிப்பந்து முறையில் போவார்கள்: ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட, எண்ணிக்கை சேரும். நீங்கள் ஆராய்வதே ஆட்களுக்கிடையேயான தொடர்பை. தொடர்பின் வழியாகவே ஆட்களைத் தேடினால், யாரோடும் தொடர்பில்லாத ஒருவர்கூட உங்கள் கண்ணில் படமாட்டார். முடிவை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு ஆய்வைத் தொடங்குவது போலாகும்.

இதற்கு மாற்று, இடத்தையும் நேரத்தையும் கொண்டு தேர்வது. இரு பகுதிகளிலும் ஆர்டர் எடுக்கும் உணவக வாசல்கள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். வாரத்தின் ஏழு நாட்களையும் மதியம், மாலை, இரவு என்று பிரித்தால் 21 நேரத் துண்டுகள். வாசலையும் நேரத்தையும் குலுக்கிப் போட்டு எடுங்கள். குறித்த நேரத்தில் போய் நின்று, வருபவர்களில் மூன்றாமவரை அணுகுங்கள். முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆர்டர் கையில் இருக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். நோக்கத்தை நான்கு வரியில் எழுதிய சீட்டைக் கொடுத்து, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தவர்களையும் நாள், நேரம், வண்டி வகையோடு குறித்து வையுங்கள். யார் மறுக்கிறார்கள் என்பதும் தரவுதான். நிறுவனத்தின் வழியாக மட்டும் போகாதீர்கள். அன்றிலிருந்து நீங்கள் நிறுவனத்தின் ஆள். சங்கத்தின் வழியாகப் போனால் சங்கத்தில் இருப்பவர்களே கிடைப்பார்கள்.

கேள்விகள் விஷயத்திலும் உங்கள் படிவம் கவலை தருகிறது. ‘சக தொழிலாளர்களுடன் உங்கள் ஒற்றுமை எப்படி? மிக நன்று, நன்று, சுமார்’ என்பது போன்ற கேள்விக்கு ‘நன்று’ என்பதே பதிலாக வரும். ஒற்றுமை என்ற சொல்லையே களத்தில் உச்சரிக்காதீர்கள். கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக வண்டி நின்றுபோனபோது எங்கே இருந்தீர்கள்? யாரை அழைத்தீர்கள்? அவருடைய எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? அதற்குப் பிறகு அவர் உங்களை எதற்காவது அழைத்தாரா? இந்த நான்கு கேள்விகளில் உதவியின் திசை, அடர்த்தி, தொடக்கம் எல்லாம் வந்துவிடும். ‘ஏன்’ என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்வார்கள். ‘எப்படி நடந்தது’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் இதை வற்புறுத்திச் சொன்னவர். எட்டு முதல் பத்து முதன்மைக் கேள்விகள் போதும். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் கொடூரமாகவே போட்டுப் பாருங்கள். 44 நேர்காணல்கள், ஒன்றுக்கு ஒன்றேகால் மணி என்றால் 55 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத்தாக்க, தெருச்சத்தம் கலந்த பேச்சுக்கு ஆறு மணி நேரமாவது வைக்க வேண்டும்: 330 மணி. காதில் ஹெட்ஃபோனோடு ஒரு நாளைக்கு நான்கு மணிக்கு மேல் ஒழுங்காக உட்கார முடியாது. ஆக 83 வேலை நாட்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நான்கு மாதம். உங்கள் முதல் திட்டப்படி குழு உரையாடல்களும் இருந்திருந்தால், யார் பேசியது என்று பிரிப்பதிலேயே இன்னும் பல வாரங்கள் போயிருக்கும். தானாக எழுத்தாக்கும் கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனாலும் வட்டார வழக்கிலும் ஒருவர் மேல் ஒருவர் பேசும் இடங்களிலும் தவறும், முழுவதையும் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். பதிவுகளை வெளிச் சேவை எதிலும் ஏற்றுவதாக இருந்தால் ஒப்புதல் படிவத்திலும், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

காத்திருக்கும் இடத்தில் உற்றுநோக்கலுக்கும் நாள் ஒதுக்குங்கள். ஒரு முறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி பார்த்தால் மூன்று மணியாவது எழுத வேண்டும், அதுவும் அன்றிரவே. ஆறு மணி நேரம் நின்றுவிட்டு மறுநாள் எழுத உட்கார்ந்தால், பார்த்தது போய் அதைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம்தான் மிஞ்சும்.

கோட்பாட்டை நீங்கள் எண்ணிக்கைக்குப் பிறகுதான் கேட்டிருக்கிறீர்கள். நானும் தாமதமாகத்தான் வருகிறேன். ‘எந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது’ என்று கேட்கும்போது அது ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஒட்ட வேண்டிய தாள் போல ஆகிவிடுகிறது. உங்கள் ஒப்பீட்டில் வெவ்வேறு முடிவை எதிர்பார்க்கும் இரண்டு கோட்பாடுகளை எதிரெதிரே நிறுத்துங்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் முன்வைத்த பலவீனமான தொடர்புகள் பற்றிய வாதம், நெருக்கமில்லாத அறிமுகங்களே புதிய தகவலைக் கொண்டுவரும் என்கிறது. அப்படியானால் காத்திருக்கும் இடத்தில் கிடைக்கும் மேலோட்டமான பழக்கம் தகவலுக்குப் போதும். பண உதவிக்கும் ஆபத்துக் காலத்துக்கும் போதாது என்று எதிர்பார்க்கலாம். இன்னொரு பக்கம் உழைப்புச் செயல்முறை ஆய்வுகள், அதாவது வேலையிடத்தில் உழைப்பு எப்படி வாங்கப்படுகிறது, கட்டுப்படுத்தப்படுகிறது என்று பார்ப்பவை. சமூகவியலாளர் மைக்கேல் புரவோய் 1970களில் சிகாகோ பகுதியில் ஒரு எந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் வேலை பார்த்து ஆராய்ந்த அதே தொழிற்சாலை அது என்று பிறகு தெரிந்தது. காலம் கடந்த ஓர் ஒப்பீடு தானாகவே அவர் கையில் வந்து விழுந்தது. தொழிலாளர்கள் ஏன் இன்னும் அதிகமாக உழைப்பதில்லை என்ற பழைய கேள்வியை அவர் புரட்டி, இவ்வளவு கடினமாக ஏன் உழைக்கிறார்கள் என்று கேட்டார். கூலிக் கணக்கே ஒரு விளையாட்டாக மாறி, தொழிலாளர்களின் மோதலை நிர்வாகத்திடமிருந்து சக தொழிலாளர் பக்கம் திருப்புகிறது என்பது அவர் விளக்கம். இதன்படி பார்த்தால், உங்கள் காத்திருக்கும் இடம் உதவியை வளர்க்கும் அதே வேளையில் ஆர்டருக்கான போட்டியையும் கூர்மையாக்கலாம். இரண்டு எதிர்பார்ப்புகளையும் திட்டவரைவில் எழுதிவிட்டால், களத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

முன்னாய்வுகளைப் படிக்கும்போதும் இதே கண்ணோடு படியுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு விரிதாளில் ஒரே வரி: கேள்வி, ஒப்பீடு, தரவு, முடிவு, அந்தத் தரவால் பார்க்க முடியாமல் போனது. கடைசிக் கட்டம்தான் உங்களுக்குத் தேவை. ஐம்பது வரிகள் சேர்ந்ததும் நிறுத்தி எழுதத் தொடங்குங்கள். ‘இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்’ என்று அடுக்காமல், எதில் கருத்து மோதுகிறது என்று எழுதினால் இருபது பக்கம் எட்டுப் பக்கமாகும்.

நெறிமுறை விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. இந்தத் தொழிலில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஓடுவது உண்டு. சிலருக்கு வேலை செய்யும் சட்ட உரிமை இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வாங்கினால், அந்தத் தாளே அவருக்கு எதிரான சாட்சி. வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்குக் காரணத்தோடு எழுதுங்கள். புனைபெயர் மட்டும் காப்பாற்றாது. ‘அந்தப் பகுதியில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய பெண்’ என்று எழுதினால் படிக்கும் சக தொழிலாளி ஒரு நொடியில் ஆளைச் சொல்லிவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் ஓசையில்லாமல் இருந்து படிப்பது கூடாது. குழு நிர்வாகி சரி என்றால் அது எல்லோருடைய சம்மதமும் ஆகிவிடாது. லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பொதுக் கழிப்பறைகளில் ஆண்கள் சந்தித்துக்கொள்வதை தான் ஆய்வாளர் என்பதை மறைத்துக் கவனித்து, அவர்களின் கார் எண்களைக் குறித்து வைத்து, பிறகு வேறொரு சர்வே என்ற பெயரில் வீடுகளுக்கே போய்ப் பேசினார். 1970-இல் நூல் வெளிவந்ததிலிருந்து நெறிமுறை வகுப்புகளில் எது கூடாது என்பதற்கு அவர் பெயர்தான் அடிபடுகிறது. பேசும் நேரத்தில் இழக்கும் வருமானத்துக்கு ஈடு தருவது நியாயம். அதைவிட மிக அதிகமாகத் தந்தால் பணத்துக்காக வருபவர்களே கூடுவார்கள். பெயரும் புனைபெயரும் உள்ள பட்டியலைப் பதிவுகளோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அழிக்கும் தேதியையும் முன்பே எழுதிவிடுங்கள். குழுவின் அனுமதிக்கு மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பம் திரும்பி வருவது சகஜம்.

அனுமதி வந்ததும் முழுக் களத்தில் குதிக்காமல் ஐந்து பேரோடு முன்னோட்டம் நடத்துங்கள். வினாக்களைச் சரிபார்ப்பதோடு பலர் முன்னோட்டத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஐந்தையும் எழுத்தாக்கி, குறியிட்டு, அதை வைத்து மூன்று பக்கப் பகுப்பாய்வு எழுதிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று பக்கம் எழுத வரவில்லை என்றால் கேள்விகளில் கோளாறு. ஐந்து பேரோடு தெரிய வந்ததே நல்லது.

கால அட்டவணை ஏறக்குறைய இப்படி: ஆறாம் மாத முடிவுக்குள் கேள்வியும் திட்டவரைவும். ஒன்பதாம் மாதம் வரை அனுமதி. காத்திருக்கும் நாட்களில் வாசல்களின் பட்டியல். பத்து, பதினொன்றில் முன்னோட்டம். பன்னிரண்டு முதல் இருபது வரை களம், உடனுக்குடன் எழுத்தாக்கம். இருபத்தெட்டு வரை பகுப்பாய்வு. நாற்பத்திரண்டு வரை எழுத்து. மீதி ஆறு மாதத்தைத் தொடாதீர்கள். அது நோய்க்கும், திருத்தத்துக்கும், நெறியாளர் ஊரில் இல்லாத வாரங்களுக்கும். களத்தை எப்போது நிறுத்துவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்: அந்த நான்கு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் அடுத்தடுத்து மூன்று நேர்காணல்களில் புதிய வகை உதவியோ புதிய வகைத் தடையோ வரவில்லை என்றால் அந்தக் கட்டம் முடிந்தது. எழுதி வைக்காவிட்டால் ‘இன்னும் பத்துப் பேர்’ என்ற ஆசை விடாது. எழுத உட்காரும் பயத்தைத் தள்ளிப்போட அதைவிடக் கௌரவமான சாக்கு கிடையாது.

களத்தின் நடுவில் செயலி கூலிக் கணக்கை மாற்றும்; ஏறத்தாழ நிச்சயமாக நடக்கும். பதற வேண்டாம். கூலி முறை, திரையின் அமைப்பு, ஊக்கத்தொகை விதி ஆகியவற்றில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தால், அந்த மாற்றம் உங்களுக்கு முன்பின் ஒப்பீடு ஒன்றை இலவசமாகத் தரும். தேதி இல்லாவிட்டால் நேர்காணல்களை எந்தக் கூலி முறையின் கீழ் எடுத்தீர்கள் என்பதே பிறகு தெரியாது. ஒரு பகுதியில் ஆட்கள் பேசவே மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் இந்த முன்பின் ஒப்பீடே மாற்றுத் திட்டம். திட்டவரைவில் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்.

நெறியாளரிடம் அடுத்த முறை போகும்போது முழு வரைவைத் திருத்தி எடுத்துப் போக வேண்டாம். ஒரே பக்கம்: மேலே கேள்வி, அதன் கீழ் ஒப்பீடு, மூன்று போட்டி விளக்கங்கள், ஒவ்வொன்றையும் எந்தச் சான்று பொய்யாக்கும், அந்தச் சான்று எங்கிருந்து எத்தனை நாளில் வரும். ‘எதை விட்டுவிட்டேன்’ என்று தனியாக ஒரு பத்தியும் வையுங்கள்: வருமானம், விபத்து, வாடிக்கையாளர் மதிப்பீடு ஆகியவை கேள்வியோடு தொடும் அளவுக்கே வரும், தனி இயல்கள் கிடையாது. அவர் அதிகம் பேசப்போவது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.

மென்பொருள்: 44 நேர்காணல்களுக்கு விரிதாளும் பொறுமையும் போதும், பகுப்பாய்வு மென்பொருள் தேடுவதை எளிதாக்கும், யோசிக்காது. முன்னோட்டத்தின் ஐந்து நேர்காணல்களைக் கொண்டு ஏதாவது ஒன்றில் இரண்டு வாரம் பழகுங்கள். இப்போது புள்ளியியல் வகுப்பில் சேர்வதாக இருந்தால் அந்தக் கட்டணத்தை நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுக்கும், சட்டையில் குத்தும் ஒலிவாங்கிக்கும் வையுங்கள்; உணவக வாசலில் கைபேசிப் பதிவு பாதிக்குப் பாதி வண்டிச் சத்தமாகத்தான் இருக்கும்.